தொட்டுப் பார்க்காமல் வாங்கிய வண்டி

எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததே ஒரு வண்டி ரிப்பேரால்தான். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவன் பிள்ளையாரைக் கும்பிடாமல் புறப்பட்டுவிட்டானாம். தேரின் அச்சு இந்த இடத்தில் இற்றுவிட்டதாம். அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம், இப்போது பஸ் போர்டில் அச்சரப்பாக்கம். ஆட்சீஸ்வரர் கோயிலில் இந்தக் கதையை இன்றைக்கும் சொல்கிறார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டதும் தேர் கிளம்பியது என்பதோடு கதை முடிந்துவிடும். அச்சை மாற்றியது யார், தேருக்கு அடியில் படுத்துக் கையை விட்டது யார் என்று கதையில் வராது. நான் கேட்பது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன் வேறு எதைக் கேட்பான்?

நான் டிங்கர். மோட்டார் வண்டியின் உடம்பு வேலை பார்க்கிறவனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். நசுங்கினதை எடுப்பது, கிழிந்ததை ஒட்டுவது, துருப்பிடித்ததை வெட்டி வேறு தகடு வைப்பது. எங்கள் பாட்டன் செத்த மாட்டின் தோலை உரித்தவர். நான் தகரத்தோல் உரிக்கிறேன். 1988-இல் எட்டாவதோடு படிப்பு நின்றுபோக, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு பாய் போட்டிருந்த ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பாய் சென்னை புதுப்பேட்டையில் தொழில் படித்தவர். பழைய வண்டியைப் பிரித்துப்போட்டு விற்கிற அந்தத் தெருக்களில் வண்டியின் குடல் எல்லாம் பார்த்தவர். ஷெட்டில் அவருக்கும் எனக்கும் ஒரே தட்டு. என் வாழ்க்கையில் அம்மா தட்டுக்கு அப்புறம் அந்தத் தட்டுதான்.

இதை எழுதச் சொன்ன தோழர், "துரு பத்தி எழுதுங்கண்ணே, பசங்க பழைய வண்டி வாங்கி ஏமாந்து போறாங்க" என்றார். இன்னொரு தோழர் பக்கத்தில் இருந்துகொண்டு, கார் வாங்குவது நுகர்வு ஆசைதானே, அதை நம் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டார். அவருக்கு என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் காலனி அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே நாலு மைல். 1993-இல் அக்காவுக்கு ராத்திரி வலி எடுத்தது. ஊர்த்தெருவில் இரண்டு வாடகைக் கார் இருந்தது. நைனாவும் நானும் ஓடினோம். ஒருவர் வீட்டில் கதவே திறக்கவில்லை. இன்னொருவர் வாசல் விளக்கைப் போட்டு, "வண்டி ரிப்பேருப்பா" என்றார். வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் கழுவித் துடைத்து நின்றது. முந்தின நாள்தான் அதன் மட்கார்டில் நான் பெண்டு எடுத்திருந்தேன். ரிப்பேர் இல்லையென்று என் கைக்குத் தெரியும், வாய்க்கு வரவில்லை. மாட்டு வண்டி கட்டினோம். பிள்ளை வண்டியிலேயே பிறந்தது. அக்கா மதுராந்தகம் போய்ச் சேரவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன், நம்ம காலனிக்கு ஒரு காரு வேணும்னு. நுகர்வு ஆசை என்றால் ஆசைதான்.

துருவைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது பாய் இல்லை, என் ஆயா. அம்மாவைப் பெற்றவள். செய்யூர் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவள். உப்பு வாருவதற்கு மரப்பலகைதான் வைத்திருப்பார்கள், இரும்பு வைத்தால் தாங்காது. "உப்பு இரும்பத் தின்னும்டா, மனுசன் காலயும் தின்னும்" என்று வெடித்த பாதத்தைத் தூக்கிக் காட்டுவாள். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் பக்கம் ராத்திரியில் அந்த ஈரம் சாதாரணம். ஆகவே மழையே பெய்யாத நாளிலும் கடற்கரையில் நிற்கிற வண்டி நனைந்துகொண்டேதான் இருக்கிறது. மேலே பெயிண்ட் இருக்கிற இடத்தைப் பார்த்துத் துடைப்பார்கள். பெட்டி மாதிரி மூடின இடங்களில், கதவுக்குக் கீழே ஓடுகிற ஃபுட்போர்டுக்குள்ளே, தரையின் அடியில், யார் துடைப்பது?

பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று. துரு பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே வரும். தின்ற இரும்பைவிடத் துரு இரண்டு மூன்று மடங்குக்கு மேல் இடம் அடைக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்புகிறது. கொப்புளத்தைப் பார்த்து, "லேசா துரு இருக்குது, தேச்சு ரெட் ஆக்ஸைடு அடிச்சா போயிடும்" என்பான் விற்கிறவன். கொப்புளம் வெளியே தெரிகிறதென்றால் உள்ளே கதை முடிந்துவிட்டது. துருவின் மேலேயே அடிக்கிற ரெட் ஆக்ஸைடு, புண்ணின் மேல் பவுடர் போடுகிற மாதிரி.

அம்பாசிடரைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு. அது டாங்கு, கெட்டி இரும்பு, ஒன்றும் ஆகாது என்பார்கள். தகடு கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாரிக்கு இருப்பது போல அதற்குத் தனி சேஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு. தரையும் ஃபுட்போர்டும், தரைக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடுகிற பெட்டிச் சட்டங்களும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்று ஓடின வண்டியை வாங்கித்தான் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் என்று செய்தார்கள். 2014 வரை செய்தார்கள். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். அதனால் அந்த நாட்டில் பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பான். இங்கே உப்பை யாரும் கொட்டவேண்டாம், கடலே கொட்டுகிறது. ஆனால் நாம் பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுகிறோம்.

1998-இல் என்னிடம் நாற்பத்தெட்டாயிரம் சேர்ந்தது. பொண்டாட்டி கம்மல், நைனா விற்ற கன்றுக்குட்டி, காலனிச் சீட்டுப் பணம். புரோக்கர் ஒருவன் மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரை ரோட்டோரம் ஒரு கிராமத்தில் 82 மாடல் அம்பாசிடர் இருக்கிறதென்றான். டூரிஸ்டு ஓட்டின வண்டி, ஒரே கை, புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறது. கிளம்பும்போது பாய் ஒரே ஒரு புத்தி சொன்னார்: "படுத்துப் பாருடா. மேல பாக்கறவன் கஸ்டமரு, கீழ பாக்கறவன் டிங்கரு." பையில் திருப்புளியும் சின்ன சுத்தியலும் துணி சுற்றின காந்தமும் போட்டுக் கொடுத்தார்.

நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு எடுத்தது.

வண்டி அவர் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. கறுப்பு. முகம் பார்க்கலாம். அந்த ஆள் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்றார். உள்ளே திரும்பி ஒரு சேர் கொண்டுவரச் சொன்னார். மர சேர். வாசலில்தான் போட்டார்கள், ஆனாலும் சேர். "உக்காருங்க" என்றார். சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்கு அப்போது இருபத்திமூன்று வயசு. எங்கள் ஊரில் என்னைவிடச் சின்னப் பையன்கள் என்னை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் நைனாவையும்தான். ஊர்க்காரர் வீட்டு வாசலில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். பையைக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், எனக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் பத்தடிதான். சேரை விட்டு எழுந்து, வெள்ளைச் சட்டையோடு மண்ணில் மல்லாந்து படுத்து, அடியில் ஊர்ந்து போயிருக்கவேண்டும். அது நான் தினம் செய்கிற வேலை. ஆனால் அப்படிப் படுத்தால் நான் மறுபடியும் கூலிக்கு வந்தவன் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. வாங்க வந்தவன் உட்கார்ந்து பார்க்கவேண்டும், கால்மேல் கால் போடாவிட்டாலும் உட்கார்ந்தாவது பார்க்கவேண்டும். எழுந்து ஒரு சுற்று சுற்றி வந்தேன். கதவைத் திறந்து மூடினேன். பானட்டைத் தூக்கி எஞ்சினைக் கேட்டேன். எஞ்சின் நன்றாகத்தான் பாடியது. காந்தத்தைக்கூட எடுக்கவில்லை, அவரை அவமதிக்கிற மாதிரி இருக்குமே என்று. என்னை ஒரு தரம் மதித்தவரை நான் சந்தேகப்படுவதா? பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் வாங்கி எண்ணவில்லை, "இருக்கட்டும் தம்பி, நம்பிக்கைதானே" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஷெட்டில் டயர் மாற்ற ஜாக்கி வைத்தேன். ஃபுட்போர்டின் கீழே ஜாக்கி வைக்கிற இடம். நெம்பினேன். ஜாக்கி ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. மொறுக் மொறுக்கென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஜாக்கி வண்டிக்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

அடியில் படுத்தேன். கெட்டியாகத் தார் பூசியிருந்தது. தார் பூசினால் துரு வராது என்று சொல்லி விற்பார்கள். சுத்தமான தகட்டில் பூசினால் சரி. துருவின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டு போட்ட மாதிரி. சுரண்டினேன். தாருக்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி. பட்டிக்குக் கீழே கடலையெண்ணெய் டின்னை வெட்டி ரிவிட் அடித்திருந்தார்கள், டின் எழுத்துகூட அழியவில்லை. அதற்கும் உள்ளே கோணிச் சாக்கும் மடித்துத் திணித்த பழைய பேப்பரும். தேதி பார்த்தேன். நான் வாங்குவதற்கு ஒரு மாசத்துக்கு முந்தின பேப்பர்.

பாய்க்கு அப்போது அறுபது இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் போனார். முன்னாலிருந்து பின்வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு டங்கென்று சொல்லும். பட்டி சொத்தென்று சொல்லும். சொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். இருபத்திமூன்று வட்டம். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் திட்டவில்லை. "வாங்கப் போனப்போ இன்னா சட்ட போட்டுனு போன?" என்று மட்டும் கேட்டார். வெள்ளை என்றேன். பாய் தலையை ஆட்டிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

நானும் தம்பியும் அந்த ஆளிடம் திரும்பிப் போனோம். வேப்பமரம் இருந்தது, சேர் இல்லை. "பாத்துத்தானடா வாங்கின? கண்ணு எங்க போச்சி?" என்றார். பிறகு, "ஒங்காளுங்களுக்கு எதுக்குடா காரு?" அப்போதுதான் புரிந்தது. நான் யார் என்று புரோக்கர் முன்னமே சொல்லியிருக்கிறான். தெரிந்தேதான் சேர் போட்டிருக்கிறார். அதற்கு முன் எத்தனை பேருக்கு அந்தச் சேரைப் போட்டாரோ.

பட்டியும் தாரும் துருவை மறைத்தது பாதிதான். மிச்சத்தை என் வெட்கம் மறைத்தது. இதைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

விற்றுத் தலைமுழுகு என்றார்கள். வாங்கினவன் வேறு ஒரு காலனிக்காரனாக இருந்தால்? வேண்டாமென்று நானே வெட்ட ஆரம்பித்தேன். எட்டு மாசம், ராத்திரி ராத்திரியாக. துருப்பிடித்த வண்டியை எடுத்துச் சரிசெய்ய நினைக்கிற தம்பிகளுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். இற்ற தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்க முடியாது, நெருப்புப் பட்டதும் சல்லடையாகிவிடும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டவேண்டும். கையளவு ஓட்டை என்று ஆரம்பித்தால் முழநீளம் போகும், மனசு தாங்காது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். ஃபுட்போர்டை வெட்டுவதற்கு முன்னால் கதவு வருகிற வாய்க்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துபோகும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கைவைக்கவேண்டும். பெட்டி மாதிரி மூடுகிற இடத்தில் மூடுவதற்கு முன்பே பிரைமர் அடித்துவிடவேண்டும். மூடிய பிறகு ஓட்டை வழியாகப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி விட்டார் பாய். ஒரு வாரம் தரையெல்லாம் ஒழுகியது. ஆனால் அந்த இடம் கடைசிவரை துருப்பிடிக்கவில்லை. கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைத்திருப்பார்கள். பட்டி பார்க்கிறவன் அதையும் சேர்த்து அடைத்துவிடுவான். அதைத் திறந்துவிட்டால் பாதி வியாதி வராது.

தகடு, கேஸ், பெயிண்ட் என்று இன்னும் முப்பதாயிரம் போயிற்று. பாய் கூலி வாங்கவில்லை.

1999-இல் வண்டி வெளியே வந்தது. முதலில் ஏறினது அக்கா மகள், அப்போது ஆறு வயசு. ஊர்த்தெரு வழியாகத்தான் ரோடு. டீக்கடையில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, "போறது போ, ஆரன் அடிக்காம போ" என்றார். நான் அடிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து எக்கி அந்தக் குட்டிதான் அடித்தாள். அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்து, நைனா போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று வந்தார். அந்த வண்டி பன்னிரண்டு வருஷம் ஓடியது. எத்தனை பிரசவம் என்று கணக்கு வைக்கவில்லை. டீசல் காசு மட்டும்தான் வாங்கினோம், அதுவும் இருந்தவர்களிடம். 2011-இல் எஞ்சின் போய்ப் புதுப்பேட்டைக்குத்தான் போயிற்று. நாங்கள் வைத்த ஃபுட்போர்டை வெட்ட அங்கே இருந்த பையன் திணறினான் என்று தம்பி வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு வேறு வகை வாடிக்கைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பழைய வண்டியைப் பழையபடியே ஆக்கவேண்டும் என்கிற பணக்காரர்கள். ஒரு பெரியவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கொண்டுவந்தார். இதே ஜி.எஸ்.டி. ரோட்டில், வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்த வண்டி. 1961-இலிருந்து செய்தார்கள், தொழிற்சாலை 1988-இல் நின்றுபோயிற்று. ஹெரால்டுக்குத் தனி சேஸ் உண்டு. உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட்டு கழற்றி எடுக்கலாம், டிங்கருக்குப் பிரியமான வண்டி. ஆனால் சேஸிலிருந்து பக்கத்துக்குக் கை நீட்டுகிற சட்டங்களில்தான் உடம்பு உட்கார்ந்திருக்கும், அந்தக் கைகள் முதலில் இற்றுவிடும். பெரியவர், "அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்து மனுஷங்க, எல்லாம் சுத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருப்புளியை வைத்து அழுத்தினேன். அந்தக் காலத்து இரும்பு பொலபொலவென்று என் முகத்தில் கொட்டியது.

ஐம்பது வருஷம் ஆன வண்டிக்கு 2021-இல் மத்திய அரசு சட்டம் போட்டு 'வி.ஏ.' என்று தனி நம்பரே கொடுத்தது. பாரம்பரியமாம். பதினைந்து வருஷம் ஆன காருக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலில் அறுநூறிலிருந்து ஐயாயிரம் ஆக்கினார்கள். ஒருத்தன் வண்டி வயசானால் கௌரவம், இன்னொருத்தன் வண்டி வயசானால் அபராதம். நம் பையன்கள் வாங்குவது இரண்டாவது வகை. அதுவும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் முங்கின வண்டிகள் கழுவிச் சென்ட் அடித்து விற்பனைக்கு வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு வந்ததைச் சொல்லவே வேண்டாம், கடல் தண்ணீர் ஏறின வண்டியை உயிரோடு எழுப்ப முடியாது. கார்ப்பெட்டைத் தூக்குங்கள். சீட்டு நகர்கிற தண்டவாளத்தைத் தடவுங்கள். ஸ்டெப்னி வைக்கிற குழியில் கையை விடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் வண்டல் கோடு தெரியும். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. விற்கிறவன் முகத்தைப் பார்த்துக் கூச்சப்படாதீர்கள்.

போன மாசம் காலனிப் பையன்கள் இரண்டு பேர், "மாமா, கல்பாக்கம் பக்கம் ஒரு டாடா ஏஸ் வருது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள். காய்கறி ஏற்ற. பேங்கு லோன். போனோம். சுத்தமான வீடு, சிமெண்டு வாசல். வண்டிக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், பிளாஸ்டிக் சேர் மூன்று போட்டார். பையன்கள் உட்கார்ந்தார்கள். நான் சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே படுத்தேன். "ஐயோ, எதுக்கு சார் கீழ படுக்கறீங்க, சட்ட அழுக்காவும்" என்றார். "பரவால்லைங்க" என்று உள்ளே போய்ச் சேஸின் பின்பக்கத்துப் பெட்டியில் திருப்புளியை வைத்தேன். முதல் இடம் டங்கென்றது. இரண்டாவதும் டங்கென்றது. மூன்றாவது இடத்தில் பிடிவரைக்கும் உள்ளே போயிற்று.

"எழுந்திரிங்கடா" என்றேன்.